அனுப்பியவை

எட்டாவது முறையும் கடிதம் போகவில்லை. சாம்பவி மடிக்கணினியின் கறுப்புத் திரையை முறைத்தாள். 'அனுப்பியவை பெட்டியைத் திறக்க முடியவில்லை' என்று அது அதே வரியைத்தான் திரும்பவும் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே, லா சப்பல் மேம்பாலத்தில் மெட்ரோ கடகடத்துப் போனது.

பதினைந்து வருஷமாக சென் தெனியில் ஒரு கம்பனியின் சேர்வர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள். வீட்டிலும் மவுஸைத் தொடாமல், கட்டளைகளைத் தட்டித்தான் மெயில் அனுப்புவாள். நேற்றுப் புதுக் கணக்குக்கு மாறியதிலிருந்து இந்தக் கரைச்சல். கைபேசியிலிருந்து அனுப்பலாம்தான். ஆனால் ஒரு புரோகிராமிடம் தோற்றுப்போக அவளுக்கு மனமில்லை.

கூட வேலை செய்யும் கிருஷாந்தைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"பாஸ்வேர்ட் சரியோ அக்கா?"

"சரி. போர்ட்டும் மாத்திப் பாத்திட்டன்."

"மெயில் போகேல்லை எண்டு அது சொல்லுதோ?"

"அனுப்பினதின்ரை கொப்பி விழுற அனுப்பியவை பெட்டி வெறுமையாக் கிடக்கு. வேறை என்ன சொல்லோணும்?"

திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னான். திங்கட்கிழமை பிந்திவிடும். தங்கை அருள்மலருக்கு நாளைக்கு பொபினி ஆஸ்பத்திரியில் சிசேரியன். அதுகூட மரக்கறிக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரியும். பிரெஞ்சுக்காரன் லூடோவிக்கைத் தங்கை கலியாணம் செய்த நாளிலிருந்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. தங்கை நம்பரையும் மாற்றிவிட்டாள். மிஞ்சியிருப்பது இந்த மெயில் முகவரி ஒன்றுதான்.

'அன்புள்ள அருள்மலர், பிரசவம் சுகமாக நடக்க வாழ்த்துகள். இப்படிக்கு, சாம்பவி.' அரை நாள் யோசித்து எழுதிய கடிதம். அதையேதான் எட்டுத் தரமும் அனுப்பியிருந்தாள்.

செட்டிங்கில் இன்னொரு வரியை மாற்றிவிட்டு ஒன்பதாவது தரம் தொடங்கினாள். எப்படியும் போகப்போவதில்லை என்ற எரிச்சலில் விரல்கள் தம்பாட்டுக்குத் தட்டின.

'இதுவும் போகாது. உன்ரை கலியாணத்தண்டு சீலை உடுத்து மெட்ரோ வாசல் மட்டும் வந்தனான். வீம்பிலை திரும்பிப் போயிட்டன். லூடோவிக்கிலை ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னிலை. நாளைக்கு உனக்குப் பக்கத்திலை நிக்கோணும் போலை கிடக்கு.'

அனுப்பினாள். அதே வரி. பெட்டியும் அதே வெறுமை. மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

கைபேசி அடித்தது. தெரியாத நம்பர்.

"ஒன்பது கடிதமும் வந்தது அக்கா. முதல் எட்டையும் அழிச்சுப்போட்டன்."