தொப்பி மட்டும்

"அம்மணமாவா?"

மாவட்டத்திலிருந்து வந்திருந்த பழங்கட்டட அதிகாரி கோஸ்தாதினோவ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தொப்பி மட்டும் இருக்கும் சார்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். "அதுவும் இல்லேன்னா பேண்டு வாத்திய மாஸ்டர் யாருன்னு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் இருந்த தெமெனுகா மேஜைக்கு அடியில் பெரியவர் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஏம்மா மிதிக்கறே?" என்றார் அவர், நகராட்சி ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. லிபோவாவின் பழைய பொதுக் குளியல் மண்டபத்தைக் காப்பாற்ற எட்டு வருஷமாக அவள் படாத பாடு பட்டிருந்தாள். சோஃபியாவிலிருந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்த அன்றே அந்தக் குவிமாடத்தின் மேல் ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது. சங்கம் ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போய், "அங்க என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். "குளிச்சோம்" என்பதற்கு மேல் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைய விசாரணையில் உருப்படியான சாட்சி கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை மண்டபத்தை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்த இடம் போடுவதாக ஏற்பாடு.

வேறு வழியில்லாமல்தான், மாவட்டத் தலைநகரில் ஓய்வுபெற்ற நாடக நடிகர் ஒருவரைப் போனில் பிடித்தாள். முகம் தெரியாது. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கு வசனம் எழுதி அனுப்பினாள்: ஆற்றில் வெள்ளம் வந்தபோது நாற்பது பிள்ளைகள் மூன்று நாள் அந்த மண்டபத்தில் உயிர் பிழைத்தார்கள், அதில் இவரும் ஒருவர் என்று. படித்தால் கல்லும் கரையும். பதினோரு மணி பஸ்ஸிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரே ஒரு கிழவர் இறங்கி, "குளியல் மண்டப விசாரணை எங்கம்மா நடக்குது?" என்று கேட்டதும், அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

வந்தவர் வெள்ளத்தைத் தொடவே இல்லை.

"குளிர்காலத்துல ஊர்லேயே சூடா இருந்த இடம் அது ஒண்ணுதான் சார். டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் பேண்டு ஒத்திகை அங்கதான். ஆவியில நனைஞ்சா உடுப்பு சாயம் போயிடும். நகராட்சி கொடுத்த உடுப்பு வேற! கழட்டி ஆணியில மாட்டிட்டு வாசிப்பாங்க. பதினேழு பேர். எங்கப்பா கிளாரினெட். நான் கதவிடுக்குல நின்னு கேப்பேன். ஒன்பது வயசுல ஊரை விட்டுப் போயிட்டோம்."

"வெள்ளம்..." என்று தெமெனுகா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

"வெள்ளமா? வெந்நீர்மா."

அதற்குள் பின்வரிசையிலிருந்து முடிதிருத்தும் சான்கோ எழுந்தார். "எங்க சித்தப்பா பெரிய டிரம் சார். டிரம் பெருசா இருந்ததால அவருக்கு மானப் பிரச்சினையே இல்லை."

"எங்கப்பா புல்லாங்குழல்," என்றாள் ரொட்டிக்கடை கின்கா, பெருமூச்சோடு. "அவர் பாடுதான் திண்டாட்டம்."

தெமெனுகாவுக்குத் தலை சுற்றியது. எட்டு வருஷமாக வாயே திறக்காத ஜனங்கள், கூலிக்கு வந்த ஒரு நடிகனோடு போட்டி போட்டுக்கொண்டு புளுகுகிறார்களே!

"கின்கா அக்கா, சும்மா இருங்க," என்று பல்லைக் கடித்தாள். "அப்படி ஒண்ணு நடந்திருந்தா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"நீ தலைநகரத்துலேர்ந்து வந்த பொண்ணு. எங்கப்பா அம்மணமா நின்னு ஊதினாருன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

என்ன சரளம்! பொய் சொல்லும்போது முகம்கூடச் சிவக்கிறதே!

"இதுக்கெல்லாம் என்ன ஆதாரம் பெரியவரே?" என்றார் கோஸ்தாதினோவ்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். சான்கோ பெஞ்சில் டும் டும் என்று தட்டினார். கின்கா உதட்டைக் குவித்துச் சீழ்க்கையில் சேர்ந்துகொண்டாள். பின்னால் ஐந்தாறு தலைகள் ஆடின. நடுவில் பெரியவர் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். எல்லோரும் நிறுத்தினார்கள், எல்லோரும் துடைத்தார்கள். பிறகு ஒரே அடியில் மறுபடியும் பாட்டு கிளம்பியது.

"எதுக்கு அந்தத் துடைப்பு?" என்றார் அதிகாரி.

"ஆவி சார். துடைக்காட்டி பாட்டு நோட்டு தெரியாது."

"வெளியில கல்யாணத்துக்கு வாசிச்சாலும் எங்கப்பா அந்த இடத்துல துடைப்பாரு," என்றாள் கின்கா.

கோஸ்தாதினோவ் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார். மண்டபத்தை இடிக்கக் கூடாது.

ஹாலே எழுந்து நின்று கத்தியது. சான்கோ அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கிழவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வேலை முடிந்த பிறகும் எப்படி நடிக்கிறார் மனுஷன் என்று தெமெனுகா அசந்துபோய் நின்றாள்.

அப்போது அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்தாள். கணீர்க் குரல்.

"மன்னிச்சுக்கம்மா, பதினோரு மணிக்கு அங்க வர்ற பஸ்ஸை விட்டுட்டேன். இன்னும் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன். அந்த வெள்ளத்துக் கதையை அடுத்த பஸ்ல வந்து சொல்லட்டுமா?"