சத்தமில்லாத வான்

வீட்டு வாசலில் வானை நிறுத்தியபோது, இயந்திரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று குலசிங்கத்துக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு அமைதி.

மாதக்கணக்காக அந்த வான் போட்ட கூத்து கொஞ்சநஞ்சமல்ல. துறைமுக அலுவலகத்து ஆட்களை ஏற்றி இறக்கும் வான். ஏறும்போது காதைப் பொத்தினார்கள், இறங்கும்போது தலையைப் பிடித்தார்கள். புகை வேறு உள்ளே வந்தது.

வீட்டில் குணேஸ்வரியின் பாட்டு தனி. கோயிலடிச் சந்தியில் திரும்பும்போதே படபடவென்று கேட்கிறதாம். மனிசன் ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

ஆனால் ஒன்று. அவர் செருப்பைக் கழற்றும்போது மேசையில் தேத்தண்ணீர் ஆவி பறக்க இருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை. மனைவியின் நேரக்கணக்கை நினைத்து அவருக்கு உள்ளூரப் பெருமை.

இன்றைக்குத்தான் லாபிரின் கராஜுக்குப் போக வாய்த்தது. லாபிர் புகைக்குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்துவிட்டு, அடியில் படுத்துக் காதைக் கொடுத்தான். குழாய்கள் சேரும் மூட்டில் உஸ்ஸென்று சீறியது. சுற்றிலும் கரி. இடையில் கசிவை அடைக்கும் கஸ்கெட் தகடு எரிந்து பொடியாகியிருந்தது. புதிதொன்றை வைத்து நட்டுகளை இறுக்கினான். வான் பூனையாகிவிட்டது.

குணேஸ்வரி மூக்கில் விரல் வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார்.

வீட்டில் விளக்கு அணைந்தது.

எதிர்வீட்டு விளக்கும் அணைந்தது. மின்வெட்டாக்கும் என்றால், தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சரும், நான்தான்! கதவைத் திறவும்!"

கதவு திறபடவில்லை. மகன் கதிரவேலைக் கூப்பிட்டார்.

சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். குசினிக் கதவு ஆவென்று கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. பின்வேலியில் கிடுகு ஓலை பிரிந்து தொங்க, அதனடியில் மகனின் ஒற்றைச் செருப்பு.

தன்னைக் கண்டுதான் ஓடியிருக்கிறார்கள் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வேலிக்கு அப்பால் பற்றை. பற்றைக்குக் கீழே கடற்கரை, கடற்படைக் காவலரண். பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் ஓடி வருகிற இளந்தாரியை நில் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சுட்டுவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

தொண்டை கிழியக் கத்தலாம். பயனில்லை. போன மாதம் பக்கத்துத் தெரு இரத்தினசிங்கத்தை வாசலில் நின்று கூப்பிட்டதும் தெரிந்த குரல்தான். ஆள் பிடிக்க வந்தவர்கள், முன்பே பிடித்து வைத்திருந்த ஒருவனைக் கொண்டே கூப்பிட வைத்தார்களாம். கதவைத் திறந்த மனிசனை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அதன்பிறகு இந்த ஓர்ஸ் ஹில் பக்கத்தில் குரலை நம்பி யாரும் கதவு திறப்பதில்லை.

குலசிங்கம் வானுக்கு ஓடினார். இருக்கைக்குக் கீழிருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். குழாய் கொதித்தது. விரல் பொசுங்கியது. லாபிர் இறுக்கின இறுக்குக்கு அவனைத் திட்டினார். முதல் நட்டு அசைந்தது. அடுத்ததும் அசைந்தது.

எழும்பி ஓடிப்போய் வானைக் கிளப்பி, அக்சிலேட்டரை மிதித்தார்.

படபடபடவென்று தெருவே அதிர்ந்தது.

விடாமல் மிதித்தார். முருகா முருகா என்று மிதித்தார்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

பிறகு வீட்டோரமாக ஒற்றைச் செருப்போடு கதிரவேல் வந்தான். அவனுடைய சேர்ட்டை இறுக்கிப் பிடித்தபடி குணேஸ்வரி வந்தாள். முள்ளுக் கீறலைத் தவிர இருவருக்கும் ஒன்றுமில்லை. குலசிங்கம் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நடுத்தெருவென்றும் பாராமல் அழுதார். போன உயிர் வந்த அழுகை.

குணேஸ்வரி அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டாள். சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து, அவருடைய பொசுங்கிய விரல்களை அதற்குள் பிடித்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தாள்.

"சந்தியில உங்கட சத்தம் கேட்டாத்தான் நான் கேத்திலை அடுப்பில வைக்கிறனான். இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பாத்தா வாசல்ல வெள்ளை வான் நிக்குது. நான் என்னத்தையெண்டு நினைக்கிறது?"

குலசிங்கம் யன்னலால் எட்டிப் பார்த்தார். எத்தனை வருசமாகத் தன் கையால் கழுவித் துடைத்த வான், தெருவிளக்கின் கீழ் நின்றது.

ஓம். வெள்ளைதான்.