பிஸ்ராட்டின் கண்ணீர்

பாடகர் தேசாலெஞ் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த துக்கக் கூடாரத்துக்குள், தொலைக்காட்சிப் புகழ் பிஸ்ராட் அழுதுகொண்டே நுழைந்தான். பின்னாலேயே கேமராக்காரன். கேமராவைக் கண்டதும் பெஞ்சுகளில் பேச்சு நின்றது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவித்த கோதுமை பரிமாறிக்கொண்டிருந்த பாடகரின் மனைவி யெஷிவர்க்கின் காலடியில் பிஸ்ராட் விழுந்தான். "அண்ணி, ஒரு சிங்கத்தைப் பறிகொடுத்துட்டோமே."

பக்கவாதத்தில் அவள் கணவர் படுத்ததிலிருந்து இவன் ஒரு போன்கூடச் செய்யவில்லை. நிறுத்தச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். எதுவரை போகிறான் பார்ப்போம் என்று உள்ளுக்குள் ஏதோ கசப்பாகச் சிரித்தது.

"நீ வந்து பார்த்தியா, தம்பி?"

"தினம் வந்தேனே. நீங்க சர்ச்சுக்குப் போற நேரமாப் பார்த்துத்தான் வருவேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு." முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினான். "போன வாரம் என் கையைப் பிடிச்சு, 'என் பாட்டுக்கெல்லாம் இனி நீதான் காவல்'னார். அதுதான் கடைசி வார்த்தை."

வீட்டுக் கதவு திறந்தது. ஊன்றுகோலில் சாய்ந்தபடி தேசாலெஞ் வெளியே வந்தார். பிஸ்ராட் சட்டென்று அழுகையை நிறுத்தினான்.

"செத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஷிப்ரு," என்றாள் யெஷிவர்க். "அவங்க வாசல்ல கூடாரம் போட இடமில்ல, அதான் இங்க போட்டோம். யாருன்னு கேட்காமலே வந்துட்டியே."

அவன் எழப்போனான். தேசாலெஞ் கோலை நீட்டி மறித்தார்.

"உட்காரு," என்றார் குழறிய குரலில். "அவருக்கும் கொஞ்சம் அழுதுட்டுப் போ. என்னை எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதானே அவரையும் உனக்குத் தெரியும்."