கழற்றக் கூடாத கண்ணாடி

தூரத்தைப் பார்க்க மட்டும் கண்ணாடி போட்டால் போதும், வீட்டில் கழற்றி வைக்கலாம் என்றுதான் கொள்ளுப்பிட்டிக் கண் டாக்டர் டோரினுக்குச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வீதி முழுக்கப் புகையாய்க் கலங்கியது. எதிர்ப்பக்கம் நின்ற கடலைக்காரர் ஹுசைன் மட்டும் சட்டைப் பொத்தான் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தார். அன்று பின்னேரம் அந்த இடத்தில் குண்டு வெடித்ததில் ஹுசைன் போய்விட்டார்.

அடுத்த கிழமை மாதா கோயில் பூசையில் கண்ணாடியைக் கழற்றியபோது, பீடத்தடியில் நின்ற பக்கத்து வீட்டு றோஸி அப்படித் தெரிந்தாள். மறுநாள் றோஸியை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அதன்பின் டோரின் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை.

"நித்திரைக்கும் போடப்போறீரோ?" துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த கணவன் ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தான். "கனவும் மங்கலாத் தெரியுதாக்கும்."

"இருக்கட்டும். உங்களுக்கென்ன?"

ஒரு காலை, கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் வேலைக்குக் கிளம்பியவன், "குழம்பு தெறிச்சிருக்கு, இஞ்ச தாரும்" என்று கண்ணாடியை உருவியெடுத்தான். டோரின் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவன் துடைத்து அவள் கையில் திணித்துவிட்டு நடந்தான். அவசரத்தில் கண்ணாடி அவள் விரல்களுக்குள்ளிருந்து நழுவி விழுந்தது.

"டோரின், போயிட்டு வாறன்" என்று ஒழுங்கை வீதியில் ஏறும் முனையிலிருந்து அவன் கூப்பிட்டான். பழக்கதோஷத்தில் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

மதிலும் வீடுகளும் புகையாய்க் கிடந்தன. அந்த முனையில் கையசைத்தவனின் தாடையில், சவரக்கத்தி வெட்டிய சின்னக் கீறல் தெரிந்தது.