பூட்டிய கதவு வரை

வீடியோ விளையாட்டை வெளியிட்ட பெரிய கம்பெனியே, நீதான் அதன் சர்வரையும் நிறுத்தினாய், மழுப்பாதே.

நடுத்தரக் கம்பெனி ஒன்று உருவாக்கிய அந்த விளையாட்டு டிஸ்க்கைக் கன்சோல் ஆசையாகத்தான் விழுங்கியது.

"என்னடா தம்பி, உனக்குள்ளே முதல் கட்டம் மட்டும்தானே இருக்கு?"

"மீதி இன்டர்நெட்ல, கம்பெனி சர்வர்ல இருக்கு அண்ணே. கூப்பிட்டா வந்துடும்னு சொல்லித்தான் என்னைப் பெட்டியில போட்டாங்க."

கன்சோல் விடாமல் கூப்பிட்டது. பதிலே வரவில்லை.

பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் சிரித்தது. "உருவாக்கின கம்பெனியையே வெளியிட்டவங்க மூடிட்டாங்கப்பா. பெரிய விளையாட்டு விக்குது, குட்டி விளையாட்டு எப்படியோ பொழைக்குது. நடுவுல நிக்கிறவனுக்கு யாரு சர்வர் ஓட்டுவா? துப்பிடு அதை."

"துப்பினா நான் டீ டம்ளருக்கு அடியிலதான் கிடப்பேன் அண்ணே," என்றது டிஸ்க்.

கன்சோல் துப்பவில்லை. முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. ஒவ்வொரு முறையும் விளையாட்டின் நாயகன் ஓடிவந்து, அடுத்த கட்டத்துக்கான பூட்டிய கதவு முன்னால் நிற்கிறான்.

முழு விளையாட்டு என்றுதானே விற்றாய்? வந்து அந்தக் கதவைத் திற.