சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை

முப்பத்தொரு கதைகளைக் கழித்துத் தள்ளியபின் மேசையில் இரண்டு மிஞ்சின. ஒன்றுதான் மாகாணப் போட்டிக்குப் போகலாம்.

போகும் கதையைப் பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கியில் வாசிப்பார்கள். கல்முனைக்குடியில் பாதி ஊர் வந்து உட்கார்ந்து கேட்கும்.

ஹுஸ்னியா டீச்சருக்குத் தலையிடி. மகள் அப்னாவுக்குக் கலியாணம் முடித்துப் புது வீட்டில் குடிவைத்த களைப்பு வேறு. இதற்குள் எந்தப் புண்ணியவானோ 'நெருக்கடிக் காலத்தில் நான்' என்று தலைப்பைக் கொடுத்துத் தொலைத்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் "நான்" என்று தொடங்கி, வரிசையில் நின்று, உம்மா பசியை மறைத்ததைச் சொல்லி அழுதிருந்தார்கள். முப்பது கதையிலும் ஒரே உம்மாதானோ என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதின்மூன்றாம் இலக்கக் கதையை ஒரு பையன் சொல்கிறான். காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிறான், பந்திக்குப் பந்தி அழுகிறான், கடைசியில் நாட்டுக்குப் புத்தி சொல்கிறான்.

ஏழாம் இலக்கத்தின் சிறுமி அழவே இல்லை.

அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணம் பேசச் சீதனமாக வீடு வேண்டுமே. அடுத்த ஒழுங்கையில் வளவு வாங்கிக் கட்டத் தொடங்கினார். சுவர் இடுப்பளவில் நிற்கும்போது மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையேறிவிட்டது. வேலை நின்றது.

ஒரு பின்னேரம் போய்ப் பார்க்கிறாள், சுவர் உயர்ந்திருக்கிறது. வாப்பாவுக்குக் காசு வந்துவிட்டது என்று நினைக்கிறாள். புதுச் சுவர் வெடிக்காமல் தண்ணீர் ஊற்றுவது முன்பிருந்தே அவளுடைய வேலை. கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றுகிறாள். பதினொரு நாள்.

குடை பிடித்த ஒரு மாமி வந்து நின்று பார்ப்பாராம். "அந்த மூலைக்கும் ஊத்துங்க மகள்" என்பாராம். போகும்போது ஒரு பிஸ்கட் தருவாராம். நல்ல மாமி, என்று எழுதியிருக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் கேற்றில் பூட்டு. வாப்பா வளவை முன்பே அரை விலைக்கு விற்றிருந்தார். சொன்னால் பிள்ளை அழும் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ராத்தாவுக்குப் பேசி வந்த இடமும் அதோடு போயிற்று.

'வாளியோடு நின்றேன். சுவர் காய்ந்துவிடுமே என்று கவலையாக இருந்தது.' அவ்வளவுதான், கதை முடிந்தது.

டீச்சர் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். இலக்கம் மட்டும்தான் இருந்தது. பெயர்கள் அதிபரின் அலுமாரியில்.

"பதிமூண்டு புள்ளைட வாயில்ல டீச்சர், அது வாப்பாட வாய்," என்றார் மற்ற நடுவரான ஜெமீல் சேர். "ஏழு அப்பிடியில்ல. தனக்கு என்ன நடந்த எண்டு தெரியாமலே சொல்லிட்டுப் போகுது. எனக்கு நெஞ்ச அடைச்சிட்டு."

"நம்பேலாது சேர். வளந்த பொம்புள ஒருத்தி சின்னப் புள்ளைட்ட வேல வாங்கிட்டுப் பாத்துட்டு நிப்பாவா? பெரியாக்கள்ல பழி போடத்தான் இப்பிடி எழுதிரிக்கி."

"பழி எங்க போட்ட? நல்ல மாமி எண்டுதானே எழுதிரிக்கி."

அந்தச் சொல்தான் டீச்சரைச் சுட்டது. திட்டி எழுதியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார்.

தலைமை நடுவர் அவர்தான். ஏழாம் இலக்கத்தின் மேல் சிவப்புப் பேனையால் எழுதினார்: 'கதை சொல்லும் பிள்ளையின் பார்வை நம்பும்படி இல்லை.' ஜெமீல் சேர் பெருமூச்சு விட்டு, "ஒங்கட விருப்பம்" என்று கையெழுத்து வைத்தார்.

பதின்மூன்றாம் இலக்கத்தை உறையில் போட்டு ஒட்டினார்கள். பியோன் அதை வாங்கிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் பிரதான வீதியில் போய் மறைந்தது.

அல்ஹம்துலில்லாஹ், பாரம் இறங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. கழித்த கட்டின் மேல் கிடந்த அந்தத் தாளை மறுபடி எடுத்தார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. அநியாயம் நடந்தது தனக்குத்தான் என்பதுபோல ஜெமீல் சேரிடம் நீட்டினார்.

"பாருங்க சேர், ஒரு பிஸ்கட் எண்டு எழுதிரிக்கி. ஒவ்வொரு நாளும் ரெண்டு குடுத்த நான்."