பச்சைத் துணிக்கு முன்னால் அழுதவர்

தைலம் தேய்த்துத்தான் அழுதிருக்கிறார். இடது கண்ணுக்குக் கீழே பளபளப்பு அப்படியே இருக்கிறது. அதைக்கூடத் துடைக்காமலா படம் பிடித்தார்கள்?

ஷிஜா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணினித் திரையில் விஜயதாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, பச்சைத் துணிக்கு முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அசல் விஜயதாஸ் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி உண்டு மக்கா? மருமகன் போன்ல எடுத்ததாக்கும். நாலு தடவை அழுதேன். மூணாவதுதான் ஒரிஜினல் மாதிரி வந்துது.”

“வந்திருக்கு அண்ணே.”

“அப்போ இனி என்னத் தூக்கி அப்பாக்க சவப்பெட்டிப் பக்கத்துல நிறுத்தணும். அவ்வளவுதான் வேல.”

பாறசாலையில் ஷிஜாவின் கடைக்கு வரும் பழைய வீடியோ கேசட்டுகளில் பாதி கல்யாணம், பாதி சாவு. வளைகுடாவிலிருந்து வர முடியாத மகன் பார்க்கட்டும் என்று அந்தக் காலத்தில் அடக்க ஆராதனையை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். இந்தக் கேசட்டும் அப்படி ஷார்ஜாவுக்குப் போனதுதான். இருந்தது இந்த ஒரே பிரதி. பார்க்க மனம் வரவில்லை என்று விஜயதாஸ் இருபத்தைந்து வருஷமாக அதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லையாம்.

சுருள் முழுக்க வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. நேற்றுப் பகல் முழுவதும் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றி முடித்தாள். அந்தப் புழுங்கின நாற்றம் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல அப்பாக்க நினைவு ஆராதனை. பெரிய ஸ்கிரீன்ல போடப்போறோம். மகன் சாவுக்கு வரல்லன்னு எவனும் இனி சொல்லப்பிடாது, கேட்டியா?”

“வரல்லன்னு ஊருக்கே தெரியுமே அண்ணே.”

“பாதிப் பேரு செத்தாச்சு. பாக்கிப் பேருக்கு மறந்தாச்சு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எழுந்து வந்து திரையைத் தொட்டார். பழம்பொரி தின்ற விரல். சவப்பெட்டியில் படுத்திருந்த பெரியவரின் நெற்றியில் எண்ணெய் அப்பியது.

“இஞ்ச நிறுத்து. அந்தப் பக்கம் வேண்டாம், தார்ப்பாய் ஒழுகி ஒரே சேறா கெடந்துது.”

திரையில் அந்தப் பக்கம் தெரியவில்லை. ஷிஜா துணியை எடுத்துப் பெரியவரின் நெற்றியைத் துடைத்தாள்.

அவருடைய கால்மாட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழவில்லை. இரண்டு பாதங்களையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“இது யாரு?”

“எனக்க அக்கா, ரத்னபாய். அவள வெட்டிக் களஞ்சுட்டு அந்த எடத்துல என்னப் போடு.”

“கூடப்பெறந்த அக்காவையா?”

“அவள எதுக்கு வெச்சிருக்கணும்? எல்லாரும் கல்லறைக்குப் போனப்போ தல சுத்துதுன்னு அவ மட்டும் வீட்டுல படுத்தா. திரும்பி வந்து பாத்தா, அம்மாக்க நகையெல்லாம் போட்டு வெச்சிருந்த பிஸ்கட் டின்னக் காணல்ல. பின்ன யாரு எடுப்பா? கள்ளிக்கு அந்த வீட்டுல எடமில்லன்னு நான் ஷார்ஜாவுலேர்ந்து போன்லயே சொல்லிட்டேன்.”

“இப்போ எங்க இருக்காங்க?”

“தனுவச்சபுரத்துல ஏதோ ஹாஸ்டல்ல சோறு பொங்குதா. முந்தாநாள் வந்து வாசல்ல நிண்ணா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல ஒரு மூலையில இருந்து அப்பாவ ஒருக்கா பாத்துக்கிடட்டான்னு கேக்குதா. உள்ள வந்தா எல்லாரு முன்னாலயும் புடிச்சு வெளியில தள்ளுவேன்னு சொல்லி விட்டேன்.”

ஷிஜா எத்தனையோ பேரை வெட்டியிருக்கிறாள். பிரிந்துபோன மருமகள், பேச்சு நின்றுபோன சித்தப்பா, வேறு ஜாதியில் கட்டிக்கொண்டு போன தங்கை. கை ஒருநாளும் தயங்கியதில்லை. தொழில்தானே என்று சொல்லிக்கொள்வாள். அந்தப் பூஞ்சை தன்மேலும் எப்போதோ படரத் தொடங்கிவிட்டதோ என்று முதல் முறையாக அருவருப்பாக இருந்தது.

“சனிக்கிழமை டிஸ்க் கிடைக்குமில்லா? அஞ்சு காப்பி போடு. ஒண்ணு பாஸ்டருக்கு.”

அவள் வீடியோவைக் கடைசிக்கு நகர்த்தினாள். பாட்டோடு கூட்டம் கல்லறைக்குக் கிளம்புகிறது. இறந்தவர் விட்டுப்போகும் வீட்டை ஒருமுறை திரும்பி எடுப்பது அந்த நாள் வீடியோக்காரர்களின் வழக்கம். இவரும் தெருவிலிருந்து திரும்பி, ஆள் ஒழிந்த முற்றத்தையும் பின்வாசல் தெரியும் பக்கவாட்டு இடுக்கையும் மெதுவாக எடுக்கிறார். ஷிஜா அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

விஜயதாஸ் கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை.

“என்ன மக்கா, நிறுத்திட்ட? என்னச் சேக்க முடியும்தானே?”

“என்னால முடியாது அண்ணே,” என்றாள் ஷிஜா, குரலை உயர்த்தாமல். “இதுல நீங்க ஏற்கெனவே உண்டு. பின்வாசல்ல, கையில பிஸ்கட் டின்னோட.”